மிச்சமிருக்கும் கை போதும்

பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் வழியோரம் இருக்கிறார். அவரைக் கண்டதும் இயேசுவின் சீடர்கள் விசாரணையில் இறங்குகிறார்கள். இது யார் செய்த பாவம், இவன் செய்ததா, இவனைப் பெற்றவர்கள் செய்ததா என்று குருவிடமே கேட்கிறார்கள். யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம் இப்படித்தான் தொடங்குகிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு ஆகிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் சாகவில்லை. சென்னைப் புறநகரான அஸ்தினாபுரத்தில், ராஜேந்திர பிரசாத் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஏதோ ஒரு தெருவில், கீமோ முடிந்து வந்து சுருண்டு படுத்திருக்கும் ஒரு பெண்ணின் கட்டிலருகே இன்றைக்கும் அதைக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான். "நல்லா யோசிச்சுப் பாருங்க சிஸ்டர், எங்கேயோ பிசாசுக்கு ஒரு வாசல் திறந்திருக்கு. அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கா?"

ஏற்கெனவே வாந்தியும் வலியுமாகக் கிடப்பவளின் தலையில் இன்னொரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போகிறார்கள்.

இயேசு என்ன பதில் சொன்னார்? இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார். அத்தோடு விசாரணையை முடித்தார். இங்கே தேவனுடைய செயல் வெளிப்பட வேண்டும், பகல் இருக்கும்போதே வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, தரையில் துப்பி, மண்ணைக் குழைத்து, அந்த மனிதரின் கண்ணில் பூசி, போய்ச் சீலோவாம் குளத்தில் கழுவு என்று அனுப்பினார். காரணம் தேடிக்கொண்டிருந்த கூட்டத்தில் வேலையைத் தொடங்கியவர் அவர் ஒருவர்தான். துன்பத்தைக் கிறிஸ்துவை மையமாக வைத்துப் பார்ப்பது என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது இதுதான். 'இது ஏன் எனக்கு வந்தது' என்ற வழக்கை இழுத்து மூடுங்கள். 'இனி இதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன செய்யப் போகிறேன்' என்ற இடத்தில் எழுந்து நில்லுங்கள்.

நிற்க விடாமல் நம்மைப் பிடித்து இழுக்கும் இரண்டு பழக்கங்கள் நம் சபைகளிலேயே இருக்கின்றன. ஒன்று, ஆசீர்வாதம் என்றால் வீடு, கார், வெளிநாட்டு விசா என்று மட்டுமே படித்து வைத்திருப்பது. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். கிறிஸ்துவின் பலத்தால் எதையும் செய்ய முடியும் என்று பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினாரே, அந்த வசனம் யாருக்காவது வந்துவிட்டால் அன்றைக்கு அவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ். பிள்ளைக்கு நீட் தேர்வில் சீட் நிச்சயம் என்று அதை வைத்தே முடிவு கட்டிவிடுவார். அதற்கு முந்தின வசனத்தை எந்த அட்டையிலும் அச்சடித்துப் பார்த்ததில்லை. வயிறு நிறைந்திருக்கவும் தெரியும், பட்டினி கிடக்கவும் தெரியும், இருக்கும்போது வாழவும் தெரியும், இல்லாதபோது வாழவும் தெரியும் என்று அங்கே பவுல் சொல்கிறார். அதைச் சிறைக்காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். அவர் பேசிய பலம், பட்டினியிலும் உடைந்துபோகாமல் நிற்கிற பலம். நாம் அதை ரேங்க் கார்டில் ஒட்டிவிட்டோம்.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். எதற்கெடுத்தாலும் 'தேவ சித்தம்' என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வது. குடிகாரக் கணவன் அடிக்கிறானா, சகித்துக்கொள், உன் சிலுவை அது. கம்பெனி ஆறு மாதச் சம்பளத்தை முழுங்கிவிட்டதா, கர்த்தர் பார்த்துக்கொள்வார். இப்படிச் சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அடி வாங்கிக்கொண்டு சும்மா கிடப்பதற்குச் சிலுவை என்று பெயர் வைக்காதீர்கள். இயேசுவைப் பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, நான் பேசியதில் தப்பு இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று அவர் நேருக்கு நேர் கேட்டார். நியாயம் கேட்பது விசுவாசத்துக்கு எதிரி ஆகாது. தடுக்கக்கூடிய துன்பத்தைத் தடுக்கத்தான் வேண்டும். தடுக்கவே முடியாமல் வந்து உட்கார்ந்துவிட்ட துன்பத்தைப் பற்றித்தான் இனி பேசப் போகிறேன்.

பெரிய வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கிறோம். வெயில் கொளுத்தும். மேலே மின்விசிறி சுற்றும். ஆளுக்கொரு வார்த்தையாக எடுத்துப் பேசுவார்கள். முடிந்ததும் கலைந்துவிடுவோம். அந்த ஏழையும் நாம் மரபாகச் சொல்லும் வரிசையிலேயே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முதல் வார்த்தை, ஆணி அடித்தவர்களுக்கு மன்னிப்பு கேட்கிறது. இரண்டாவது, பக்கத்துச் சிலுவையில் தொங்கிய குற்றவாளிக்கு நம்பிக்கை கொடுக்கிறது. மூன்றாவது, கீழே நிற்கும் அம்மாவுக்கு; தனக்குப் பிறகு அவளை யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று மகன் ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறான். மூச்சு விடுவதே பாடாக இருக்கும் ஒருவர், இருந்த கொஞ்ச மூச்சை முதலில் மற்றவர்களுக்குச் செலவழித்தார். தன் வேதனையைப் பற்றிய பேச்சு நான்காவதாகத்தான் வருகிறது.

அந்த நான்காவது வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவரே கதறினார். 'ஏன்' என்று கேட்டதற்காக உங்களை விசுவாசக் குறைவு உள்ளவர் என்று யாராவது சொன்னால், அவரைச் சிலுவையின் அடியில் போய் நின்று அதைச் சொல்லச் சொல்லுங்கள். அழுங்கள். கதறுங்கள். முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், முடியுமானால் இந்தப் பாத்திரம் என்னை விட்டுப் போகட்டும் என்று மூன்று முறை கெஞ்சியவரும் அவர்தான். கூட மூன்று நண்பர்களை அழைத்துப் போயிருந்தார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். உங்கள் நண்பர்களும் தூங்கியிருக்கலாம். அது உங்களுக்கு மட்டும் நடந்த கொடுமை என்று எண்ண வேண்டாம். ஐந்தாவது வார்த்தையில் தாகமாக இருக்கிறது என்றார். தண்ணீர் கேட்பதற்கு அவர் கூச்சப்படவில்லை. கடல் காளானில் தோய்த்து யாரோ நீட்டிய காடியை வாங்கிக்கொண்டார். கடன் வாங்கியாவது சொந்தக்காரர்கள் முன்னால் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு, உள்ளே செத்துக்கொண்டிருக்கும் நம் ஊர் நடுத்தரக் குடும்பங்கள் இந்த ஐந்தாவது வார்த்தையை மனப்பாடம் செய்ய வேண்டும். உதவி கேளுங்கள். கேட்டால் மரியாதை போகாது.

இது மேடைப் பேச்சு என்று தோன்றுகிறதா? குரோம்பேட்டையிலிருந்து தெற்கே போகும் தண்டவாளத்தைப் பாருங்கள். அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி இறங்குகிறோம், ஏறுகிறோம். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரன் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1917இல் கணிதமேதை ராமானுஜன் நோயில் விழுந்தபோது அவரிடம் போய்த் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டார். இங்கே தாம்பரத்தில் சவுரிமுத்து தொடங்கியது பன்னிரண்டே கட்டில்களுடன். 1937இல் அரசு எடுத்துக்கொண்டது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஆண்டை. 1928இல் காசநோயைக் குணமாக்கும் மருந்து உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு: ஒரு டாக்டரால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். தீர்வு கையில் இல்லாதபோதே ஒருவர் கட்டில் போட்டார். மருந்து வந்த பிறகு மருத்துவமனை கட்டலாம் என்று காத்திருந்தால் சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷனே இருந்திருக்காது. பிற்காலத்தில், 1990களில், எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்டதும் பல இடங்களில் கதவுகள் மூடிக்கொண்டபோது, அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டதும் இதே தாம்பரம் மருத்துவமனைதான். அப்போதும் இலவசக் கூட்டு மருந்து வந்திருக்கவில்லை; அது 2004இல் வந்தது. நமக்கு மட்டும் எல்லாப் பிரச்சினைக்கும் விடை தெரிந்த பிறகுதான் அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும் என்று பிடிவாதம்.

போகிற போக்கில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். காசநோய்க்கு மாத்திரை ஆறு மாதம் என்றால் ஆறு மாதமும் சாப்பிட வேண்டும். இருமல் நின்றுவிட்டது, ஜெபத்தில் சுகம் கிடைத்துவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்ப வரும். வீட்டில் உள்ளவர்களுக்கும் அதையே கொடுக்கும். சர்க்கரை மாத்திரை, வலிப்பு மாத்திரை, மன அழுத்த மாத்திரை எதற்கும் இதே பேச்சுதான். மாத்திரையை நிறுத்து, விசுவாசத்தைக் காட்டு என்று சொல்லும் எவருக்கும் ஆமென் போடாதீர்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதையாவது நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே தண்டவாளத்தில் இன்னும் தெற்கே போனால் செங்கல்பட்டு. அங்கே திருமணியில் இருந்தது லேடி வில்லிங்டன் தொழுநோய் சானடோரியம். 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் இளம் அறுவைச் சிகிச்சை மருத்துவர் அங்கே வந்தார். பெயர் பால் பிராண்ட். 1914இல் பிறந்து, நம் கொல்லிமலையில் வளர்ந்தவர். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் அந்த மலையிலேயே காய்ச்சலில் 1929இல் இறந்துபோனார். திருமணி மருத்துவமனையின் பொறுப்பில் இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் பிராண்டை அழைத்துக்கொண்டு நோயாளிகளிடையே நடந்தார். விரல்கள் மடங்கிப்போன கைகள், விரலே இல்லாத கைகள். ஒரு நோயாளியிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, பிடி என்றார். செத்துப்போன கை, என்ன பெரிய பிடி இருக்கப்போகிறது என்று நினைத்தவருக்கு வலியில் உயிர் போய்விட்டது. அவ்வளவு பலம் அந்த மடங்கிய கைக்குள். ஆனால் தான் இவ்வளவு அழுத்துகிறோம் என்பது அந்த மனிதருக்கே தெரியவில்லை. அவருக்குத் தொடு உணர்ச்சி இல்லை.

அந்த ஒரு கைப்பிடியிலிருந்து இரண்டு பெரிய காரியங்கள் பிறந்தன. கையில் உயிருள்ள தசை இன்னும் இருக்கிறது. வேலை செய்யும் தசைநாரை எடுத்துச் செயலிழந்த இடத்தில் மாற்றித் தைத்தால் விரல் நிமிரும் என்று பிராண்ட் கண்டார். வேலூரில் அதைச் செய்தும் காட்டினார். விரல் எப்படிப் போகிறது என்பதும் புரிந்தது. நோய் விரலைத் தின்பதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், காயத்தோடேயே வேலை செய்கிறார்கள், புண் ஆழமாகிப் போய்விடுகிறது. வலி என்பது உடம்பைக் காக்க வந்தது என்று அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். 1993இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து அதைப் புத்தகமாகவும் எழுதினார். தயவுசெய்து இதைக் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டில் வலியில் துடிப்பவரிடம் போய் வலி ஒரு வரம் என்று பிரசங்கம் செய்யாதீர்கள். பிராண்ட் அந்தக் கைகளைத் தன் கையில் வாங்கிக்கொண்டு பேசியவர். அப்படிப் பிடித்திருப்பவருக்கு மட்டுமே அதைச் சொல்ல உரிமை.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். டாக்டர் மேரி வர்கீஸ்.

1925இல் கேரளத்தில் கொச்சிப் பகுதியில் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் படித்து, மகப்பேறு மருத்துவத்தில் மேலே போக நினைத்துக்கொண்டிருந்த இளம் டாக்டர். 1954 ஜனவரியில் உடன் வேலை செய்பவர்களோடு வெளியே போன வண்டி விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டு நொறுங்கியது. முகத்திலும் பலத்த காயம். இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அன்றைய இந்தியாவில் இப்படி அடிபட்டவர்களுக்கு என்ன எதிர்காலம்? வீட்டின் பின்கட்டில் ஒரு பாய், முதுகில் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, சில வருடங்களில் சாவு. படித்த டாக்டர் என்பதால் தனக்கு என்ன வரப்போகிறது என்பது அவருக்கு மற்ற யாரையும்விடத் தெளிவாகத் தெரிந்திருக்கும். அந்த அறிவே ஒரு தண்டனை.

அவரை அந்தப் படுக்கையிலிருந்து கிளப்பியது, எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு இல்லை. சரியாகவில்லை. கடைசி வரைக்கும் அவர் நடக்கவில்லை. பால் பிராண்ட் அவரிடம் கொண்டுபோனது ஒரு வேலையை. தொழுநோயாளிகளின் கைக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் உட்கார்ந்துகொண்டுதான் செய்ய வேண்டும். நோயாளியின் கை மேசைமேல் இருக்கும், டாக்டர் எதிரே உட்கார்ந்திருப்பார். அதற்கு எதற்குக் கால்? உன் இரண்டு கையும் நன்றாகத்தானே இருக்கிறது? இந்த யோசனையில் எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று பாருங்கள். பாவம் என்று யாரும் ஒரு பொம்மை வேலையை அவர் மடியில் வைக்கவில்லை. நுட்பமான, கடினமான, ஆள் இல்லாமல் நோயாளிகள் காத்துக்கிடந்த வேலை அது. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கத்தியைக் கையில் எடுத்தார். கால் போன டாக்டர், கை போனவர்களின் கைகளை நிமிர்த்தினார்.

அந்த வார்டில் படுத்திருந்த தொழுநோயாளியின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஊர் தள்ளி வைத்தது, குடும்பம் தள்ளி வைத்தது. வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு ஒரு பெண் டாக்டர் வருகிறார். முகத்தில் தழும்பு. அவர் வாயைத் திறந்து ஒரு ஆறுதலும் சொல்ல வேண்டியதில்லை. வந்ததே போதும்.

அதோடு அவர் நின்றிருந்தால்கூட ஒரு நல்ல சாட்சி என்று சபையில் கைதட்டிவிட்டுப் போயிருக்கலாம். நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய் மறுவாழ்வுப் பயிற்சி எடுத்துக்கொண்டார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். நடக்க முடியாதவர்களுக்கென்று எதுவுமே வசதி செய்யப்படாத 1960களின் தொடக்கத்தில், விமானப் படிகளிலும் விடுதி வாசல்களிலும் ஒவ்வொரு இடத்திலும் யாராவது தூக்க வேண்டியிருந்த காலத்தில், கடல் கடந்து போய்ப் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பினார். 1963இல் வேலூர் மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மருத்துவத் துறையை ஏற்று நடத்தத் தொடங்கினார். நோயாளிகளைத் தங்க வைத்துச் சிகிச்சை தரும் வசதியோடு இந்தியாவில் அமைந்த முதல் துறை அது. மரத்திலிருந்து விழுந்த கூலித் தொழிலாளி, கிணற்றில் விழுந்த விவசாயி, லாரி விபத்தில் முதுகு ஒடிந்த டிரைவர் இவர்களெல்லாம் மறுபடி உட்கார, உருட்டிக்கொண்டு போக, சம்பாதிக்கப் பழகும் இடமாக பாகாயத்தில் ஒரு மறுவாழ்வு நிலையம் 1966இல் எழுந்தது. இன்றைக்கு அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1972இல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 1986இல் காலமானார். விபத்துக்குப் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள்; அந்த ஆண்டுகள் அத்தனையும் சக்கர நாற்காலியில்.

இப்போது சொல்லுங்கள், கடவுள் அந்த விபத்தை அனுப்பினாரா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சாலையில் நடந்த விபத்து அது. ஒரு மருத்துவத் துறை பிறக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் முதுகை உடைக்கும் கடவுளை எனக்குத் தெரியாது. நான் அறிந்த கிறிஸ்து உடைந்ததைக் கையில் எடுத்து, இதில் மிச்சம் என்ன இருக்கிறது, கொண்டுவா என்று கேட்பவர். ஐந்து அப்பமும் இரண்டு மீனும்தான் இருக்கிறது என்று சீடர்கள் கையை விரித்தபோதும் அவர் அதைத்தான் கேட்டார்.

ஆனால் மேரி வர்கீஸ் பெயரைப் பிரசங்கத்தில் எடுக்கும் சபைகளுக்கு ஒரு கேள்வி. அவர் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆராதனைக்கு வந்தால் உள்ளே நுழைய முடியுமா? நம் புறநகரில் எத்தனை சபைகள் மாடியில் நடக்கின்றன! கீழே கடை, மேலே ஆராதனைக் கூடம், நடுவில் செங்குத்தான படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. பெரிய கோயில்களிலும் வாசலில் பத்துப் படி, பக்கத்தில் சாய்வுப் பாதை இல்லை. முடக்குவாதக்காரரைக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நண்பர்களைப் பற்றி வருடத்துக்கு ஒரு பிரசங்கம் கேட்கிறோம், ஒலிபெருக்கிக்கும் எல்.இ.டி. திரைக்கும் காணிக்கை எடுக்கிறோம். ஒரு சாய்வுப் பாதைக்குச் சிமெண்ட் வாங்க நமக்கு மனம் வரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. சட்டம் சொல்லித்தான் கட்ட வேண்டும் என்றால் சபை எதற்கு?

2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் முதல் மாடிவரை தண்ணீர். சாமி கண்ணை மூடிக்கொண்டாரா என்று மொட்டை மாடியில் நின்று கேட்டவர்கள் உண்டு. அந்த நேரம் கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு சென்னையின் தெருக்களுக்கு வந்தார்கள். 2004 டிசம்பரில் சுனாமியில் சொந்தங்களைப் பறிகொடுத்த கடற்கரை மக்கள் அவர்கள். தண்ணீர் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் வந்தார்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். மற்றவர் வலியில் தன் பழைய வலியைக் கொண்டுபோய் உதவியாகக் கொடுப்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொத்து கிடையாது. கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு அது கட்டாயம், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே அஸ்தினாபுரத்தில், செம்பாக்கத்தில், சிட்லபாக்கத்தில் இதைப் படிக்கும் உங்களிடம் நேராகப் பேசுகிறேன். வேலை போயிருக்கலாம். ஐ.டி. கம்பெனி ஒரே ஒரு மெயிலில் பதினைந்து வருட உழைப்புக்குக் கணக்கு முடித்திருக்கலாம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். பிள்ளையை இழந்திருக்கலாம், அதற்கு மேல் என்னால் ஒன்றும் எழுத முடியாது, தலை வணங்குகிறேன். ஆனால் மற்ற எல்லோரிடமும் கேட்கிறேன்: இழந்தவற்றின் பட்டியலை எத்தனை நாள் படித்துக்கொண்டிருப்பீர்கள்? மிச்சமிருப்பதை எழுதிப் பார்த்தீர்களா? கால் இல்லையா, கை இருக்கிறதா? கையும் இல்லையா, குரல் இருக்கிறதா? டயாலிசிஸுக்கு முதல் நாள் வந்து பயத்தில் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கும் புது ஆளிடம், உங்களைப்போல் இரண்டு வருடம் அனுபவம் உள்ளவர் பேசும் ஐந்து நிமிடத்தை எந்த ஸ்பெஷலிஸ்ட் கொடுக்க முடியும்? வேலை போன நீங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால், காலையில் எழுந்து சட்டை மாட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா? இதைத் தியாகம் என்று பெரிதாக்க வேண்டாம். உங்களை உயிரோடு வைத்திருக்கப் போவது இதுதான்.

வயதாகிவிட்டது என்கிறீர்களா? திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் குழியில் விழுந்து கால் ஒடிந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1951இல் சாகும்வரை ஏறக்குறைய படுக்கைதான். படுத்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். பால் பிராண்டின் அம்மா எவெலின், வயதாகிவிட்டது ஊருக்குப் போ என்று மிஷன் சொன்ன பிறகும் கொல்லிமலைக்கே திரும்பிப் போய், தொண்ணூறு வயதைத் தாண்டியும் மட்டக்குதிரைமேல் மலைக் கிராமங்களுக்குப் போய்வந்தார். வயதைக் காரணம் சொல்லிக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இருட்டு ரொம்பப் பிடித்து அழுத்துகிறதா, உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையைக் கீழே வையுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இப்போதே வாய்திறந்து சொல்லுங்கள். மனநல மருத்துவரிடம் போங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைத்தால் அரசின் உதவி மையத்தில் ஒருவர் பேசுவார். அதுதான் உங்கள் ஐந்தாவது வார்த்தை. கேளுங்கள்.

மற்றவர்கள் அடுத்த ஞாயிறு வரை தள்ளிப்போட வேண்டாம். உங்களைப்போலவே அடிபட்டு, உங்கள் தெருவிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பாவம் என்று கேட்காமல், எந்த வசனத்தையும் தூக்கிப் போடாமல், இன்று சாயங்காலமே போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.